தானாய் நின்ற பாவாடை

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். மூன்று பெண்கள் உள்ள வீட்டின் கடைசிகளுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கென்று பெரியக்கா ஆதிலட்சுமிக்கு ஒரு பச்சைப் பாவாடை எடுப்பார்கள். அவள் வளர்ந்ததும் அது சின்னக்கா கனகாவுக்குப் போகும். கனகா அதில் மசியைக் கொட்டி, வேலிமுள்ளில் மாட்டிக் கிழித்து, தைத்து, தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழித்து முடித்த பிறகு என்னிடம் வரும். அதற்குள் பச்சை என்பது ஒரு பேச்சுக்குத்தான். தீபாவளிக்கு ஒரே துணியில் மூவருக்கும் சட்டை தைப்பார்கள். அதிலும் அக்காக்களுக்கு வெட்டியது போக மிஞ்சியதில்தான் எனக்கு. என் சட்டைகளுக்குக் கை எப்போதும் குட்டையாக இருந்த காரணம் அதுதான். தையற்காரர் விருத்தகிரி சொன்னதுபோல் அது ஃபேஷன் ஒன்றும் இல்லை.

அம்புஜவல்லி என்ற என் பெயர்கூட அப்பாவின் அத்தை ஒருத்தி வைத்திருந்து விட்டுப்போனதுதான்.

இப்படி இருக்கும்போது எழுபத்து நாலாம் வருஷம் கோடை விடுமுறை விடுகிற அன்று, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஓர் அறிவிப்பு வந்தது. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சீருடை பச்சை இல்லை, நீலம். பழைய பாவாடை, பழைய டவுசர் எதுவும் செல்லாது.

விருத்தாசலத்துக்கு வெளியே, பீங்கான் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருந்த எங்கள் குவார்ட்டர்ஸே அன்று சாயங்காலம் குழாயடியில் கூடி ஒப்பாரி வைத்தது. "பச்சை என்னா கடிச்சுதா இவுங்கள?" என்று பக்கத்து வீட்டு ஆராயி அத்தை கேட்டாள். "நீலத்துல படிச்சாத்தான் படிப்பு ஏறுமாமா?" என்றாள் எதிர்வீட்டுத் தங்கம்மாள். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் குடத்தை இடுப்பில் வைத்தபடி குதித்துக்கொண்டிருந்தாள். அது நான்தான். நீலத்தில் பழைய பாவாடை எந்த அக்காவிடமும் கிடையாது. யாரும் கட்டி முடித்துத் தர முடியாது. எனக்கென்று எடுத்தே ஆக வேண்டும். குடத்துத் தண்ணீர் பாதி என் மேலேயே கொட்டியது, அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டும் எனக்கு உறைக்கவில்லை.

அப்பா கோதண்டபாணிக்கு அச்சுப் பிரிவில் வேலை. கப், சாஸர், பொம்மை என்று எதைச் செய்வதானாலும் முதலில் அதற்கு அச்சு வேண்டும். அச்சைச் செய்வது பிளாஸ்டர் பொடியில். வெள்ளை வெளேரென்று இருக்கும். தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் கல்லாகியிருக்கும். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து வருகிற சரக்கை விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார்களே, டங்கென்றால் நல்ல சரக்கு, டொக்கென்றால் உள்ளே கீறல். அதை அவர் தொழிற்சாலையோடு விட்டுவிட்டு வரமாட்டார். தேங்காய், தண்ணீர்ப் பானை, கதவு எதைக் கண்டாலும் தட்டுவார். வருஷா வருஷம் பரீட்சை முடிவு வந்ததும் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்க வைத்துத் தலையில் சுண்டிக் கேட்பார். "ஆதி, டங்கு. கனகா, டங்கு." என் தலையில் மட்டும் இரண்டு முறை சுண்டி, உதட்டைப் பிதுக்கி, "டொக்குங்குது. உள்ள எங்கியோ கீறல் இருக்குது" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு என் தலையை நானே சுண்டிப் பார்த்துக்கொண்டதும் உண்டு.

நீலத் துணி வந்தது. விருத்தகிரி வீட்டுக்கே வந்து அளவெடுத்தார். என் இடுப்பைச் சுற்றி நாடாவை வைத்ததும் எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்து அடங்கவில்லை. அதற்கு முன் பாவாடைக்கென்று யாரும் என்னை அளந்ததே இல்லையே. அளவு எழுதி முடித்ததும் அம்மா குறுக்கே புகுந்தாள்.

"மூணு பாவாடையும் ஆதி நீளத்துக்கே வெட்டிடுங்க. சின்னதுக்கு டக்கு புடிச்சி வச்சிடுங்க. வளர்ற புள்ள. பின்னால யாருக்கு யாருது வேணும்னாலும் ஆவும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும். நான் எங்கே கவனித்தேன்? பாவாடையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். அக்காக்களுக்கு டக்கு கிடையாது.

தைத்து வந்த பாவாடையை நான் என்னென்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மோந்து பார்த்தேன். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆராயி அத்தை, "ஏண்டி, கல்யாணப் பொடவைக்குக்கூட நான் இவ்ளோ ஆடலடி" என்றாள். கட்டிப் பார்க்க மட்டும் அம்மா விடவில்லை. கஞ்சி போடாமல் கட்டக்கூடாதாம்.

கஞ்சி என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை கஞ்சி நாள். குழாயடியில் ஒரே அண்டா. எல்லா வீட்டுச் சீருடையும் அந்த ஒரே கஞ்சியில்தான் முங்கி எழ வேண்டும். ஒரு வீட்டுப் பிள்ளை விறைப்பாகவும் இன்னொரு வீட்டுப் பிள்ளை தொளதொளவென்றும் போனால் மனஸ்தாபம் வரும் என்று யாரோ எப்போதோ வைத்த ஏற்பாடு. காய்ச்சுகிற பொறுப்பு வருஷத்துக்கு ஒரு வீடு. போன வருஷம் ஆராயி அத்தை காய்ச்சினாள். அது தண்ணியாய்ப் போய்விட்டது என்பதை அம்மா ஆடியிலும் சொன்னாள், ஐப்பசியிலும் சொன்னாள், தையிலும் சொன்னாள். இந்த வருஷம் அம்மாவின் முறை. அரிசிக் கஞ்சியோடு மரவள்ளி மாவும் கலந்து, ஊரே பார்க்கும்படி ஒரு கஞ்சி காய்ச்சிக் காட்டுவதாக சபதம்போல் சொல்லியிருந்தாள். மரவள்ளி மாவு வாங்கி டால்டா டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்தாயிற்று.

அதே அலமாரியில் அதே மாதிரி இன்னொரு டால்டா டப்பா இருந்தது. அதில் இருந்தது பிளாஸ்டர் பொடி. அடுப்படிச் சுவரில் ஒரு பெருச்சாளி பொந்து போட்டிருந்தது. அதை அடைக்க அப்பா கொண்டுவந்து வைத்த பொடி. ஒரு வாரமாக அம்மா பொந்தைக் காட்டுவதும் அப்பா "நாளைக்கு" என்பதுமாக இருந்தது.

கஞ்சி நாளன்று காலையில், தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் அப்பாவுக்கு ஞானோதயம் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார், கரைத்தார், பொந்தில் அப்பினார். "என்னா இது, எறுகவே மாட்டேங்குது. பொடி ஈரம் குடிச்சிட்டுது போல" என்று முணுமுணுத்தபடி, டப்பாவைப் பொந்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அம்மா அடுப்படிக்குள் வந்தாள். பொந்து அடைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. அப்படியென்றால் அது பிளாஸ்டர், அலமாரியில் மிச்சமிருப்பது மரவள்ளி மாவு. இதில் என்ன தப்பு இருக்கிறது சொல்லுங்கள். அம்மாவின் கணக்கு சரியான கணக்கு. அலமாரி டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

வருஷம் முழுக்கப் பிளாஸ்டரிலேயே கையை வைத்திருக்கிற மனுஷனுக்கு மரவள்ளி மாவு தெரியவில்லை. வருஷம் முழுக்க மாவிலேயே கையை வைத்திருக்கிற அம்மாவுக்குப் பிளாஸ்டர் தெரியவில்லை. ஆகாய விமானத்தில் போய்த் தேடிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது.

அண்டாவில் அரிசிக் கஞ்சி கொதித்தது. அம்மா இறக்கிவைத்து, பொடியை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிண்டினாள். ஆராயி அத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, வழவழன்னு இல்லியே. பாலாட்டம் இருக்குது?"

"நல்ல மாவு ஆராயி. சேத்தியாத்தோப்பு சந்தையில சொல்லி வச்சி வாங்குனது. போன வருஷம் நீ காச்சுனது கஞ்சியா, கழனித்தண்ணியா?"

அதோடு ஆராயி அத்தை வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது. சட்டை, டவுசர், பாவாடை, தாவணி எல்லாம் மளமளவென்று முங்கி எழுந்தன. என் பாவாடையை நானே முக்கினேன். தங்கம்மாள் யாரும் பார்க்காதபோது தன் புருஷனின் எட்டு முழ வேட்டியையும் நடுவில் சொருகி முக்கிவிட்டாள். சீருடை தவிர எதுவும் போடக்கூடாது என்பது விதி. எல்லோரும் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை. வேப்பமரங்களுக்கு நடுவே கட்டிய கயிறுகளில் துணி நிறைந்தது. பெண்கள் சமைக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்துக்கொரு முறை ஓடிப்போய்ப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன். முதல்முறை தொட்டபோதே விறைப்பு ஏறியிருந்தது. ஓடிவந்து, "அம்மா, கஞ்சி சூப்பரா புடிச்சிருக்குது" என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆராயி அத்தைக்குக் கேட்கும்படியாக, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். இரண்டாவது முறை போனபோது ஒரு காக்கா வந்து ஒரு வெள்ளைச் சட்டையின் கைமேல் உட்கார்ந்தது. கை தொங்கவே இல்லை. காக்காவுக்கே சந்தேகம் வந்து, குனிந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

அப்புறம் மேல்காற்று அடித்தது. கயிறு நிறையத் துணி இருந்தால் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் துணிகள் ஒன்றோடொன்று மோதி டொக் டொக்கென்றன. சமையலறைகளில் கரண்டிகள் நின்றன. ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் ஆராயி அத்தை தன் மகனின் டவுசரைக் கயிற்றிலிருந்து எடுத்தாள். எடுத்த வடிவத்திலேயே அது இருந்தது. தரையில் வைத்தாள். நின்றது. இரண்டு காலும் பரப்பிக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பது மாதிரி அப்படியே நின்றது. அத்தை ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அதைப் பார்த்த பையன்கள் மற்ற டவுசர்களையும் எடுத்துவந்து வரிசையாக நிறுத்தி, "அட்டேன்ஷன்!" என்று கத்தினார்கள். சட்டைகள் கைகளை விரித்துக்கொண்டு யாரையோ கட்டிப்பிடிக்கக் காத்திருந்தன. தங்கம்மாள் புருஷனின் வேட்டி கதவுப் பலகை மாதிரி வந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தாள், வாசலில் நுழையவில்லை.

முதல் சிரிப்பு யாருடையது என்று தெரியாது. ஆரம்பித்தது நிற்கவில்லை. ஆராயி அத்தை தரையில் உட்கார்ந்து மண்ணை அடித்துச் சிரித்தாள். "புள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கத கேட்டிருக்கறேன். டவுசருக்குக் கஞ்சி போடப் போயி சிலையா முடிஞ்சத இன்னிக்குத்தான் பாக்கறேன். எக்கா, என்னோடது கழனித்தண்ணியாவே இருந்துட்டுப் போவட்டும்க்கா!"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நானும்தான். என் பாவாடையைக் கயிற்றிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். மணியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி நின்றது. அடியில் மூன்று மடிப்பும் பலகையாய் இருந்தன. இதைக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை எப்படிப் போவது? போக முடியாவிட்டால் மறுபடியும் யாருடையதையாவதுதான் கட்ட வேண்டும். எனக்கு அழுகை முட்டியது. பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், மூலையில் நிறுத்தி, அதற்கு முன்னால் நான் உட்கார்ந்துகொண்டேன்.

சங்கு ஊதியது. அப்பா வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் வரிசையாக நின்ற டவுசர்களைப் பார்த்தார். குனிந்து ஒன்றைச் சுண்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ராஜம்," என்றார் அம்மாவிடம் மெதுவாக, "எந்த டப்பா?"

"நீங்க வச்ச டப்பாதான். பொந்து அடைக்கக் கொண்டாந்தத டால்டா டப்பாவுலதான் வைப்பாங்களா?"

"மாவுக்கும் பிளாஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? ஊரே சிரிக்குது பாரு." அப்பா தெம்பாகிவிட்டார். தப்பு தன் தலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டார். "நான் காத்தால அடைச்சேனே, எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

அம்மா அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். பின்னாலேயே பாதிக் குவார்ட்டர்ஸும் போனது. பொந்தில் அடைத்ததெல்லாம் காணோம். நக்கித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பொந்துக்குள்ளே, வயிறு நிறைந்த பெருச்சாளி ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் திரும்பி உள்ளே போயிற்று.

"வருசமெல்லாம் பிளாஸ்டர் கரைக்கிறீங்க," என்றாள் அம்மா. "பெருச்சாளிக்கு மரவள்ளிக் கூழு கரைச்சி ஊத்தியிருக்கீங்க."

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. இந்த முறை அம்மாவும் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஆனால் கோபம் போகவில்லை. எங்கள் அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒரே நேரத்தில் வரும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் ஒரு மாவு மில்லாகவே மாறியது. அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "நல்லா ஊறப் போடுங்க. ஊறுனதும் கையால மெதுவாக் கசக்குங்க. பொடிப்பொடியா உதுந்துடும். கல்லுல மட்டும் அடிச்சிடாதீங்க, துணி தாங்காது." எல்லோரும் அப்படியே செய்தார்கள். டவுசர்கள் டவுசர்களாயின. பையன்களின் தலைமுடி வெள்ளையாகி எல்லோரும் தாத்தாக்களாகத் திரிந்தார்கள். ஊரே கேட்டது. கேட்காதது ஒரே ஆள். புருஷன் சொன்னதைக் கேட்கிற மனநிலையில் அம்மா இல்லை. ஆதியக்காவின் பாவாடையை எடுத்துத் துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு அடியும் அப்பாவுக்குப் போட்டதுதான், அது எல்லோருக்கும் தெரியும். ஆறேழு அடியில் சர்ரென்று ஒரு சத்தம். இடுப்பிலிருந்து அடிவரை ஒரே கிழிசல்.

அம்மா அதைப் பிழிந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு வீட்டுக்குள் வந்தாள். நான் என் பாவாடையை ஊறப்போடவே விடாமல் மூலையில் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

"அம்புஜம், உன்னோடத எடு. மூணு டக்கையும் பிரிச்சி உட்டா ஆதிக்குச் சரியா இருக்கும். நீ பச்சையக் கட்டிக்கிட்டுப் போ. சின்னக் கிளாசு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்த மாசம் உனக்குப் புதுசு எடுத்துத் தரேன்."

எங்கள் வீட்டில் அடுத்த மாசம் என்பது காலண்டரில் கிடையாது.

"குடுக்க மாட்டேன்," என்றேன். இதுவரை கீழே வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டினேன். இப்போது என்னுடையது மேலே போக வேண்டுமாம். உலகத்தில் எங்காவது நடக்குமா இந்த அநியாயம்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலிமேல் ஏறி, நின்றுகொண்டிருந்த பாவாடைக்குள் மேலிருந்து குதித்துவிட்டேன்.

அம்மா இழுத்தாள். பாவாடை சுவரில் டொக்கென்று மோதியது. கனகா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஆதியக்கா கதவோரமாக நின்றாள். அந்த வருஷம் அவளுக்குக் கடைசி வகுப்பு, பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பிரார்த்தனையில் முன்னால் நின்று பாடப்போகிறவள் அவள். "வேணாம்மா, உடும்மா" என்றாள். கண் சிவந்திருந்தது. அவளைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் பாவாடையை விட்டு வெளியே வரவில்லை.

அம்மா உட்கார்ந்து பிளேடால் ஒரு மடிப்பின் நூலைத் தேடினாள். பிளேடு வழுக்கியது. "என்னாங்க, இங்க வாங்க," என்று கத்தினாள். "நீங்க பண்ணுன வேலதான இது? நீங்களே பிரிச்சிக் குடுங்க."

அப்பா வந்தார். என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். முதல் மடிப்பைச் சுண்டிக் கேட்டார். இரண்டாவதைச் சுண்டினார். மூன்றாவதைச் சுண்டிவிட்டுக் காதை அதன்மேலேயே வைத்துக்கொண்டார். அப்படியே கண்ணை மேலே உயர்த்தி என்னைப் பார்த்தார். என் மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை, கையை எடுத்தால் பாவாடை போய்விடும்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பிரியாது ராஜம். மடிப்புக்குள்ள எறங்கி நூலோட நூலா எறுகிடுச்சி. இனிமே பிரிச்சா துணிதான் கிழியும்."

"ஊற வச்சா?"

"ஊற வச்சா இன்னும் கெட்டியாவும்."

காலையிலிருந்து ஊறப்போடுங்கள் ஊறப்போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அச்சுப் பிரிவு ஆள் பிரியாது என்று சொன்ன பிறகு யார் என்ன செய்வது? பிளேடைத் தூக்கிப் போட்டாள். கிழிந்த பாவாடையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "கனகா, ஊசியில நூலக் கோரு" என்றாள். கிழிசலை உள்ளுக்கு வாங்கி, இரண்டு பக்கமும் கொசுவம் மாதிரி மடித்து, பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தாள். கட்டிப் பார்த்தபோது அக்காவுக்கு முன்னைவிட அழகாக இருந்தது. ஆராயி அத்தை வந்து, "இதென்னா புது ஃபேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் பாவாடையை அப்பாவே தண்ணீர் தெளித்து, மேல்பக்கமெல்லாம் கையால் கசக்கி மெத்தென்று ஆக்கித் தந்தார். மூன்று மடிப்பை மட்டும் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் கட்டினேன். மேலே துணி, கீழே பலகை. நடந்தால் அடிப்பக்கம் இரண்டு பக்கமும் மணியாட்டம் ஆடியது. ஆட ஆட எனக்குச் சிரிப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் கூட்டமாகக் கிளம்பினோம். யார் முதுகில் தட்டினாலும் வெள்ளைப் புகை கிளம்பியது, அதனால் எல்லோரும் எல்லோரையும் தட்டிக்கொண்டே போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றிருந்த கூட்ஸ் வண்டியிலிருந்து கார்டு எட்டிப் பார்த்து, "என்னா, அடுப்புச் சாம்பல்ல பொரண்டீங்களா?" என்றார். "இல்லீங்க, கஞ்சி!" என்று ஒரே குரலில் கத்தினோம்.

வகுப்பில் நான் உட்கார்ந்ததும் பாவாடையின் முன்பக்கம் குடை மாதிரி விரிந்து மேலே எழும்பியது. கையால் அமுக்கினேன், பின்பக்கம் எழும்பியது. டீச்சர் வந்து பார்த்தார். மடிப்பை நகத்தால் தட்டினார்.

"பீங்கான் குவார்ட்டர்ஸா? பாத்து ஒக்காரும்மா, ஒடைஞ்சிடப் போறே."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "புதுசுங்க டீச்சர்," என்றேன். "எனக்குன்னே தைச்சது."

அந்த வருஷம் முழுக்க அந்தப் பாவாடை என்னுடையதாகவே இருந்தது. மசியைக் கொட்டியதும் நான், வேலிமுள்ளில் கிழித்ததும் நான். எத்தனை துவைத்தாலும் அம்மா மடிப்பின் பக்கம் போகவில்லை, பிரியாது என்று அப்பா சொல்லியிருந்தாரே.

அடுத்த ஜூன் வந்தது. நான் திடுதிப்பென்று வளர்ந்துவிட்டிருந்தேன், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. ஒரு சாயங்காலம் அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, பிரியாவிட்டால் போகட்டும், அடியில் வேறு துணி வைத்துத் தைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா, கை வாக்கில், அம்மா மடிப்பின் நூல்முனையை நகத்தால் நெருடி இழுத்தாள்.

சரசரவென்று நூல் முழுசும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மடிப்பு வழுக்கி இறங்கியது. உள்ளிருந்து, வெயிலே படாத கருநீலத்தில் ஒரு பட்டை புதுத்துணி வெளியே வந்தது. அம்மாவின் மடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா தேங்காயை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"பிரியாதுன்னீங்க," என்றாள் அம்மா.

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். என்னைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, தலையில் விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"டங்குங்குது ராஜம்," என்றார். "கீறலே இல்ல."